ஸோட்டெரோ: மருத்துவக் கட்டுரை எழுதுவோருக்கு

மேற்கோள்களை வரிசை எண்ணிட்டுக் காட்டும் வான்கூவர் முறை கேட்கும் மருத்துவ இதழ்களுக்கு, மேற்கோள்களைச் சேமித்துப் பட்டியலிடும் ஸோட்டெரோ என்ற இந்த இலவச மென்பொருளே போதும். கட்டுரையின் பப்மெட் (மருத்துவக் கட்டுரைத் தரவுத்தளம்) எண்ணையோ டிஓஐ எண்ணையோ (கட்டுரைக்கான நிலையான இணைய அடையாளம்) மந்திரக்கோல் பொத்தானை அழுத்தி இட்டால் ஆசிரியர், ஆண்டு, பக்கம் எல்லாம் வந்துவிடும். வேர்டில் நடுவே ஒரு மேற்கோளைச் செருகினால் பின்வரும் எண்கள் தாமே மாறும், இதற்காகவே வைத்துக்கொள்ளலாம்.

ஆனால் இறங்கும் தரவு பிழையென்றால் பட்டியலும் பிழைதான். தலைப்பில் எல்லாச் சொற்களும் பெரிய எழுத்தில் தொடங்கினால், வலது கிளிக் செய்து 'சென்டென்ஸ் கேஸ்' (முதற்சொல் மட்டும் பெரிய எழுத்தில் தொடங்குவது) ஆக்குங்கள். பிறகு மரபணுப் பெயர்களைக் கண்ணால் சரிபாருங்கள், அங்கேதான் கெடும். ஆசிரியர்கள் 6 பேருக்கு மேல் என்றால் ஜாமா என்ற அமெரிக்க மருத்துவ இதழ் முதல் 3 பேரை மட்டுமே கேட்கும். எனவே அந்தந்த இதழின் பாணிக் கோப்பையே நிறுவுங்கள்.

வேர்டில் பட்டியலைக் கையால் திருத்தினால் அடுத்த புதுப்பிப்பில் அழிந்துவிடும். ஸோட்டெரோவில் உள்ள மூலப் பதிவில் திருத்துங்கள். 'அன்லிங்க்' (மேற்கோள்களை ஸோட்டெரோவிலிருந்து துண்டித்து வெறும் எழுத்தாக்குவது) செய்வது கோப்பின் நகலில் மட்டும்.