பாரி-ஜிபி: பெரிய எண்களைக் குடைந்து பார்க்க

12345678987654321. இந்த 17 இலக்க எண்ணை எக்ஸெலில் தட்டினால் கடைசி இரண்டு இலக்கமும் 00 ஆகிவிடும். அது 15 இலக்கம் வரைதான் தாங்கும். ஜாவாஸ்கிரிப்டில் சாதாரண எண்ணாகக் கொடுத்தால் ஈற்றிலுள்ள 1 போய் 0 வந்து நிற்கும். அதை மீதியின்றி வகுக்கும் வகுஎண்களை எண்ண உட்காரும் முன்பே எண்ணே மாறிவிடுகிறது.

பிரான்சின் போர்தோ பல்கலைக்கழகத்தில் பிறந்த பாரி-ஜிபி என்ற கணித மென்பொருள் இலவசம். ஓர் இலக்கமும் சிந்தாது. ‘ஃபாக்டர்’ கட்டளைக்கு மேற்சொன்ன எண்ணைக் கொடுத்தால் 3-இன் நான்காம் அடுக்கு, 37-இன் வர்க்கம், 333667-இன் வர்க்கம் என்று பிரித்துத் தரும். வகுஎண்களை எண்ணும் ‘நம்டிவ்’ 45 என்று சொல்லும். ஒற்றைப்படையாக வந்தாலே அது முழுவர்க்கம், 111111111-இன் வர்க்கம்தான்.

ராமானுஜன் 1915-இல், தனக்குக் கீழுள்ள எந்த எண்ணையும்விட அதிக வகுஎண்கள் கொண்ட எண்களைப் பட்டியலிட்டார். அதில் 293318625600 விடுபட்டுவிட்டது. ‘நம்டிவ்’ அதற்கு 5040 என்று கண்ணிமைக்கும் முன் சொல்லிவிடுகிறது. கையால் போட்ட பட்டியலில் ஒன்றே ஒன்று தவறியதுதான் ஆச்சரியம்!

மாட்டிக்கொள்ளும் இடங்களும் உண்டு. பத்தின் இருபதாம் அடுக்கை ‘1e20’ பாணியில் எழுதாதீர்கள். அதை முழு எண்ணாக அல்லாமல் மெய்யெண்ணாக எடுத்துக்கொண்டு ‘ஃபாக்டர்’ பிழை காட்டும். 10^20 என்றே எழுதுங்கள். ஸ்டாக், அதாவது கணக்குக்கு ஒதுக்கிய நினைவக இடம், நிரம்பியதாகச் செய்தி வந்தால் ‘அலோகேட்மெம்’ கட்டளை அந்த இடத்தை இரட்டிப்பாக்கும்.

இன்னொன்று பலருக்குத் தெரிவதில்லை. ‘ஃபாக்டர்’ தரும் பெரிய காரணிகள் இயல்பமைப்பில் பகா எண் சோதனையில் தேறியவை மட்டுமே, நிரூபிக்கப்பட்டவை அல்ல. அந்தச் சோதனையை ஏமாற்றிய பகு எண் எதுவும் இதுவரை அகப்படவில்லை. ஆனாலும் நிரூபணம் வேண்டுமென்றால் ‘ஃபாக்டர்_ப்ரூவன்’ அமைப்பை 1 ஆக்குங்கள், அல்லது ஒவ்வொரு காரணியையும் ‘இஸ்ப்ரைம்’ கொண்டு சோதியுங்கள்.

வேகம் எண்ணின் நீளத்தை மட்டும் பொறுத்ததல்ல. 2^128+1 என்பது 39 இலக்கம். 1970-இல்தான் அதை உடைத்தார்கள். இங்கே சட்டென்று 17, 22 இலக்கக் காரணிகள் இரண்டும் வந்துவிடும். 2^1024+1 வேறு கதை. பகு எண் என்று, பகா எண்ணா என விரைவாகச் சோதிக்கும் ‘இஸ்சூடோப்ரைம்’ உடனே சொல்லும். 45592577, 6487031809 இரண்டும் எளிதில் கிடைக்கும். அடுத்தது 40 இலக்கக் காரணி, அங்கே திரை உறைந்ததுபோல் நிற்கும். அதனால் முதலில் ‘இஸ்சூடோப்ரைம்’, பிறகு ‘ஃபாக்டர்’ கட்டளையில் 10^5 என்று வரம்பிட்டுச் சின்னக் காரணிகளைக் கழியுங்கள். அப்போது பட்டியலின் கடைசி உறுப்பு பகு எண்ணாகவே இருக்கலாம், கவனம். சின்னக் காரணியே இல்லாத நூறு இலக்க எண்ணென்றால் பாரியை விட்டுவிட்டு காரணி காண்பதற்கென்றே உள்ள யாஃபூ அல்லது காடோ-என்எஃப்எஸ் மென்பொருள் பக்கம் போவதே புத்திசாலித்தனம்.