பேரன் சூப்ராவை ஒரு நாள் ஓட்டிப் பார்த்தேன்

எனக்குத் தாத்தா பெயரைத்தான் வைத்தார்கள். அதனாலேயே என் அம்மா ஒரு நாள்கூட என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மாமனார் பெயரை வாயால் சொல்லக் கூடாதே. கடைசி வரைக்கும் நான் அவருக்கு 'சாமி'தான். எங்கள் கராஜுக்கு முதல் முறை டொயோட்டாவின் புது சூப்ரா கார் வந்த அன்று இதுதான் ஞாபகத்துக்கு வந்தது. பையன்கள் யாரும் அதை சூப்ரா என்று சொல்லவில்லை. "அண்ணே, அந்த பிஎம் வந்து நிக்குது" என்று பிஎம்டபிள்யூ பெயரைச் சொன்னார்கள்.

ஷார்ஜா இண்டஸ்ட்ரியல் ஏரியாவில் பதினெட்டு வருடமாக மெக்கானிக் வேலை. ஊர் பொள்ளாச்சி பக்கம். இந்த வண்டியை வாங்கும் வசதி எனக்கு இல்லை, வாங்கினால் வீட்டில் சோறும் கிடைக்காது. ஐம்பது வயது முடிந்ததே என்று போன மாதம் ஒரு நாள் வாடகைக்கு எடுத்தேன். 3 லிட்டர், ஆட்டோமேட்டிக், வெள்ளை நிறம். வாடகை கொடுத்தவர் டெபாசிட்டை மட்டும் கறாராக வாங்கிக்கொண்டார். பின் டயர் இரண்டும் உள் ஓரத்தில் மொட்டையாகத் தேய்ந்திருந்ததைக் காட்டினால், "ஒரு நாள்தானே பாய்" என்றார். போட்டோ எடுத்து வைத்துக்கொண்டு கிளம்பினேன்.

பழசைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். நான் கை வைத்த முதல் சூப்ரா 1994 மாடல். 1993-ல் வந்த அந்தத் தலைமுறையில் டர்போ வைத்த 2ஜேஇசட் இன்ஜினை மெக்கானிக்குகள் சாமி கும்பிடுகிற மாதிரிப் பேசுவார்கள். பிளாக் முழுக்க வார்ப்பிரும்பு, ஆறு சிலிண்டரும் ஒரே வரிசையில். இன்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளுகிற டர்போ இரண்டு. முதலில் ஒன்றுதான் வேலை செய்யும், நாலாயிரம் ஆர்பிஎம் பக்கம் வரும்போது இரண்டாவதும் சேர்ந்துகொள்ளும். ஒரு நொடி வண்டி மூச்சை இழுத்துப் பிடிக்கும், அப்புறம் சீட்டோடு நம்மை அப்பிவிடும். கம்பெனி கொடுத்த பிளாக்கையும் கிராங்கையும் வைத்துக்கொண்டே இரண்டு மடங்கு பவர் எடுத்தவர்கள் உண்டு. அந்த வண்டி ஜப்பானில் 2002-ல் நின்றது.

பதினேழு வருடம் கழித்து 2019-ல் அதே பெயரில் இது வந்தது. முன் கண்ணாடிக்கு அடியில் இருக்கும் சேஸிஸ் நம்பரைப் பாருங்கள். ஜப்பானில் செய்த டொயோட்டா என்றால் 'ஜே' என்ற எழுத்தில் தொடங்கும். இதில் 'டபிள்யூ'. வண்டி தயாரானது ஆஸ்திரியாவில், கிராஸ் நகரத்தில் உள்ள மேக்னா ஸ்டைர் தொழிற்சாலையில். பிஎம்டபிள்யூ இசட்4 காரும் அங்கேதான் தயாரானது. இன்ஜின் பிஎம்டபிள்யூவின் பி58. உள்ளே கியர் லீவர், ஏசி பட்டன், திரையை இயக்கும் திருகு எல்லாம் அந்த வீட்டுச் சாமான்தான். பானெட்டைத் திறந்து கொஞ்சம் குனிந்தால் பாகங்களின் மேல் பிஎம்டபிள்யூ முத்திரையே கண்ணில் படும்.

இதைச் சொல்லித்தான் எல்லாரும் திட்டுகிறார்கள். நானும் திட்டினேன். ஆனால் யோசித்துப் பார்த்தால் விஷயம் வேறு மாதிரி. 1978-ல் முதல் சூப்ரா வந்தபோது அது தனி வண்டியே இல்லை. நாலு சிலிண்டர் செலிக்காவின் மூக்கை நீட்டி, நேர்வரிசை ஆறு சிலிண்டரை உள்ளே வைத்ததுதான் சூப்ரா. அந்த ஆறுதான் பெயருக்கு அடையாளம். புது வண்டி செய்யத் தொடங்கியபோது டொயோட்டாவிடம் நேர்வரிசை ஆறே இல்லை. கைவசம் இருந்த வி6-ஐ, அதாவது ஆறு சிலிண்டரும் 'வி' வடிவில் நிற்கிற இன்ஜினைத் தூக்கி வைத்து 'எல்லாம் நம்ம சொந்தச் சரக்கு' என்று சொல்லியிருக்கலாம். தலைமைப் பொறியாளர் டெட்சுயா டாடா அப்படிச் செய்யவில்லை. ஆறு நேர்வரிசையில் இருக்கணும், பின்சக்கரம் தள்ளணும் என்று நின்று, இருக்கிற இடத்தில் போய் வாங்கினார். பெயரைக் காப்பாற்றத்தான் வெளியே போயிருக்கிறார்கள். அப்புறம் 2 லிட்டர் நாலு சிலிண்டரிலும் சூப்ரா என்று எழுதி விற்றார்களே, அதற்கு என்னிடம் சமாதானம் இல்லை.

சரி, ஓட்டினால் எப்படி?

ஏறுவதே ஒரு வேலை. கூரை தாழ்வு, கதவுப் படி அகலம். முதல் தடவை நெற்றியை இடித்துக்கொண்டேன், இரண்டாம் தடவையும் இடித்துக்கொண்டேன். பழையதில் பேருக்காவது பின் சீட் இருந்தது, இதில் இரண்டு பேர்தான். ராசல் கைமா போகும் ஹைவேயில், காலை நேரம் காற்று நன்றாக இருக்கிறதே என்று ஜன்னலை இறக்கினேன். கொஞ்சம் வேகம் பிடித்ததும் காதுக்குள் டப் டப் டப் என்று தவில் அடிக்கிற மாதிரி காற்று மோத ஆரம்பித்தது. இந்த மாடலுக்கே உள்ள குணம் இது. இதைத் தடுக்கவென்றே கண்ணாடி ஓரத்தில் ஒட்டுகிற சின்னப் பட்டை வெளிக்கடைகளில் கிடைக்கிறது. ஜன்னலை ஏற்றிவிட்டு ஏசி போட்டால் தொல்லை இல்லை.

ஜெபல் ஜைஸ் மலை ஏற ஆரம்பித்ததும் இதெல்லாம் மறந்துபோனது. முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே 2,470 மில்லிமீட்டர்தான். டொயோட்டாவின் குட்டி 86 காரைவிடப் பத்து சென்டிமீட்டர் குறைவு. வளைவில் ஸ்டியரிங்கைத் திருப்பினால் மூக்கு உடனே திரும்புகிறது, நமக்குப் பின்னாலேயே பின் சக்கரம் இருப்பது இடுப்பில் தெரிகிறது. பழைய சூப்ரா இப்படித் திரும்பாது. அது நேர்ரோட்டு யானை. இதில் டர்போ ஒன்றுதான். காத்திருப்பு கிடையாது, காலை வைத்தால் பவர் வந்துவிடும். மூச்சை இழுத்துப் பிடிக்கிற அந்த ஒரு நொடியை மட்டும் நான் தேடிக்கொண்டே இருந்தேன். மேலே போய் நிறுத்தி இறங்கியபோது கை நடுங்கியது. பயமில்லை, சந்தோஷம். அந்த மொட்டை டயரோடு வேண்டுமென்றே அடக்கித்தான் ஓட்டினேன் என்பதையும் சொல்லணும்.

மெக்கானிக்காக என் வருத்தம் வேறு. ஆயில் பார்க்க டிப்ஸ்டிக் கிடையாது, அளவைத் திரைதான் சொல்லும். முப்பது வருடமாகத் துணியில் குச்சியைத் துடைத்து, ஆயிலை விரலில் தேய்த்து, மூக்கில் வைத்துப் பார்த்தவனுக்கு இது அவமானம். 2ஜேஇசட்டில் டைமிங் பெல்ட் முன்பக்கம், எட்டிக் கை வைக்கலாம். இதில் டைமிங் செயின் பின்னால், கியர்பாக்ஸ் பக்கம். சுலபத்தில் தேயாது, ஆனால் தேய்ந்தால் வேலை பெரிது. வெளியே கதவிலும் பானெட்டிலும் இருக்கும் காற்றுத் துளைகளில் பல, துளையே இல்லை. கறுப்பு பிளாஸ்டிக். ரேஸுக்குப் போகிறவர்கள் அதை எடுத்துவிட்டுத் திறந்துகொள்ளலாம் என்று டொயோட்டா சொன்னது. எங்கள் வாடிக்கையாளர்களில் ரேஸுக்குப் போகிறவர் யாரும் இல்லை.

ஆனாலும் மற்றவர்கள் பெயரை எடுத்து என்ன செய்தார்கள் என்று பார்த்தால் இது தேவலை. எக்லிப்ஸ் என்று மிட்சுபிஷி ஒரு கூப்பே, அதாவது இரண்டு கதவு கார் விற்றது. 2017-ல் அந்தப் பெயரோடு கிராஸ் சேர்த்து, பிள்ளைகளை ஸ்கூலில் விடுகிற வண்டிக்கு வைத்தார்கள். கேப்ரி என்பது ஐரோப்பாவில் ஃபோர்டின் நீள மூக்கு கூப்பே. 2024-ல் அது மின்சார எஸ்யூவி. பெயருக்கும் வண்டிக்கும் முகஜாடைகூட இல்லை.

வாங்க நினைக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 2021 மாடலிலிருந்து வந்த 3 லிட்டரைப் பாருங்கள். அமெரிக்கக் கணக்கில் 335 ஹெச்பியாக இருந்தது 382 ஆனது. 2023 மாடலிலிருந்து ஆறு கியர் மேனுவலும் உண்டு, கிடைத்தால் விடாதீர்கள். 2026 மாடலோடு நிறுத்துவதாக டொயோட்டா அறிவித்துவிட்டது, அதனால் பழைய வண்டிக்காரர்கள் விலையை இறக்க மாட்டார்கள். பின் டயரின் உள் ஓரத்தைத் தடவிப் பாருங்கள்.

மறுநாள் காலையில் கராஜில் பையன் கேட்டான், "பிஎம் எப்படிண்ணே?"

"சூப்ரா நல்லாத்தான் இருக்குது" என்றேன்.

டிப்ஸ்டிக்கைக் கண்டுபிடித்தீர்களா என்று கேட்டுச் சிரித்தான்.