கிரேக்கமா, லத்தீனா: கல்வெட்டு வாசிக்க எதில் தொடங்குவது?

தமிழ்க் கல்வெட்டுகளில் கொஞ்சம் கை பழகியவர்களுக்கு ஒரு கட்டத்தில் வெளியூர்க் கல் மீதும் ஆசை வரும். எனக்கு வந்தபோது ஏதென்ஸ் பக்கம் போவதா, ரோம் பக்கம் போவதா என்ற கேள்வி முன்னால் நின்றது. லத்தீனை எடுத்தேன். இன்று யார் கேட்டாலும் அதைத்தான் சொல்வேன், ஆனால் "ஆங்கில எழுத்துதானே, சுலபம்" என்று பலரும் சொல்லும் காரணத்துக்காக அல்ல.

எழுத்து ஒரு பெரிய தடையே இல்லை. கிரேக்கத்தின் 24 எழுத்தும் சீக்கிரம் பிடிபட்டுவிடும். தொல்லை பழைய கற்களில்தான்: ஊருக்கு ஊர் வேறு வரிவடிவம். ஏதென்ஸே கி.மு. 403/2இல்தான் (ஏதென்ஸ் ஆண்டு நம் கணக்கில் இரண்டு ஆண்டுகளைத் தொடும், அதனால் இந்தச் சாய்கோடு) கிழக்குக் கிரேக்கர்களின் அயோனிய எழுத்து முறையை அரசு வழக்காக ஏற்றது. கிரீட் தீவின் கோர்ட்டின் சட்டக் கல்வெட்டில் ஒரு வரி வலமிருந்து இடம், அடுத்தது இடமிருந்து வலம் என்று ஏர் ஓட்டுவதுபோல் போகும். சொற்களுக்கு நடுவே இடைவெளியும் கிடையாது. லத்தீன் கல்லில் பெரும்பாலும் சொல்லுக்குச் சொல் ஒரு புள்ளி இருக்கும், ஆனால் பாதிச் சொற்கள் வெட்டிச் சுருக்கப்பட்டிருக்கும். கல்லறைக் கற்களின் தலையில் நிற்கும் 'டி எம்' என்பது 'டிஸ் மானிபுஸ்', அதாவது இறந்தோரின் ஆவிகளுக்கு. இப்படி அடிக்கடி வரும் சுருக்கங்களைப் பழகிக்கொண்டால் சாதாரணக் கல்லறைக் கல் ஓரளவு பிடிபட்டுவிடும். இந்த வகையில் இரண்டும் ஏறக்குறைய சமம்தான்.

என்னை லத்தீன் பக்கம் தள்ளியது காலக்கணிப்பு. கல்லின் வயதைத் தெரிந்துகொள்ள இன்னொருவர் தயவை நாட வேண்டுமா, கல்லே சொல்லிவிடுமா என்பதுதான் கேள்வி.

ரோமில் டிராஜன் தூணின் அடியில் இருக்கும் ஆறு வரிப் பொறிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். பேரரசரின் பெயரைத் தொடர்ந்து பட்டங்கள் வரிசையாக வருகின்றன. ஜெர்மானிக்குஸ், டாசிக்குஸ் (ஜெர்மானியரையும் டாசியரையும் வென்றவர்), தலைமைப் பூசாரி, 'ட்ரிப் பொட்' 17, 'இம்ப்' 6 (வெற்றித் தளபதி என்று ஆறு முறை வாழ்த்தப்பட்டவர்), 'காஸ்' 6 (கான்சல் என்னும் உயர்பதவியில் ஆறு முறை), நாட்டின் தந்தை. இதில் 'ட்ரிப் பொட்' என்பது ட்ரிபியூன் அதிகாரம், ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படுவது. டிராஜனுக்கு 17ஆம் முறை என்றால் கி.பி. 112 டிசம்பர் 10 முதல் 113 டிசம்பர் 9 வரை. அவ்வளவுதான், வேலை முடிந்தது.

கல் உடைந்து அந்த 17 மட்டும் போய்விட்டது என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் கல் கைவிடாது. டாசிக்குஸ் பட்டம் 102இல் வந்தது, ஆகவே கல் அதற்குப் பிந்தியது. ஆறாம் முறை கான்சல் ஆனது 112இல், ஆகவே அதற்கும் முந்தியதல்ல. 114இல் பெயரோடு சேர்ந்த 'ஒப்டிமுஸ்' (மிகச் சிறந்தவர்) இங்கே இல்லை. 116இல் வந்த பார்த்திக்குஸும் (பார்த்தியரை வென்றவர்) இல்லை. எண் இல்லாமலேயே ஏறத்தாழ இரண்டு ஆண்டு இடைவெளிக்குள் கல்லை அடைத்துவிடலாம். ராஜராஜனின் மெய்க்கீர்த்தியில் ஆட்சியாண்டு ஏற ஏற வெற்றிகள் கூடுவதைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இந்தக் கணக்கு அந்நியமாகவே தோன்றாது.

அழித்த இடமும் பேசும். ரோமன் ஃபோரத்தில் செப்டிமியுஸ் செவெருஸின் வளைவு 203ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அதில் இளைய மகன் கெட்டாவின் பெயர் இருந்தது. 211இன் கடைசியில் அண்ணன் கரகல்லா அவரைக் கொன்றபின் அதைச் செதுக்கி எடுத்துவிட்டு, அந்த இடத்தில் வெறும் புகழ்மொழியைப் போட்டார்கள். வெண்கல எழுத்துகளைப் பிடித்திருந்த பழைய துளைகள் அப்படியே நிற்பதால் முந்தைய பெயரை இன்றும் கணிக்க முடிகிறது.

இப்போது கிரேக்கப் பக்கம். சிசிலியின் எகெஸ்டா நகரோடு ஏதென்ஸ் செய்துகொண்ட உடன்படிக்கைக் கல் ஒன்று உண்டு. அந்த ஆண்டின் ஆர்கோன் (எவர் பெயரால் ஆண்டு குறிக்கப்படுமோ அந்த அதிகாரி) யார் என்பது தேய்ந்துபோய், பெயரின் கடைசி இரண்டு எழுத்துதான் நிச்சயமாகத் தெரிந்தது. அது ஹாப்ரோன் என்றால் கி.மு. 458/7, ஆன்டிஃபோன் என்றால் 418/7. நாற்பது ஆண்டு வித்தியாசம்! கல்லில் இருப்பது மூன்று கோட்டு சிக்மா (கிரேக்க 'ஸ' எழுத்தின் பழைய வடிவம்). அது கி.மு. 446வாக்கில் வழக்கொழிந்தது என்ற விதியை நம்பியவர்கள் முந்தைய ஆண்டைப் பிடித்துக்கொண்டார்கள். வரலாற்றாய்வாளர் ஹெரால்ட் மேட்டிங்லி 1961 முதல் அந்த விதியையே எதிர்த்தார். 1990இல் லேசர் ஒளியைக் கல்லுக்குள் செலுத்திப் படமெடுத்த குழு ஒன்று ஆன்டிஃபோன் என்று வாசித்தது. அதன் பிறகும் மறுத்தவர்கள் உண்டு. இன்று பெரும்பாலோர் 418/7ஐ ஏற்கிறார்கள். ஏதென்ஸ் தன் கூட்டாளி நகரங்களிடம் எப்போது கெடுபிடி காட்டத் தொடங்கியது என்ற வரலாறு இப்படி ஒரு எழுத்தின் கோட்டு எண்ணிக்கையில் தொங்கியது.

வெறும் 'கோப்பரகேசரி' என்று மட்டும் சொல்லி நிறுத்திவிடும் சோழர் கல்லோடு மல்லுக்கட்டியவர்களுக்கு இந்த அவஸ்தை புரியும். எந்தப் பரகேசரி என்று எழுத்தமைதியை, அதாவது எழுத்தின் வடிவத்தை வைத்து வாதாட வேண்டும். அதற்கு நூற்றுக்கணக்கில் கல் பார்த்த கண் வேண்டும். வீட்டில் உட்கார்ந்து தனியாகப் படிக்கிறவருக்கு அது எங்கே கிடைக்கும்?

லத்தீனுக்கு நான் சொல்லும் சாதகம் அரசுக் கற்களுக்கும் சாலையோர மைல் கற்களுக்கும்தான் முழுசாகப் பொருந்தும். கல்லறைக் கற்களில் முக்கால்வாசிக்கு ஆண்டே கிடையாது. அங்கே லத்தீன்காரரும் எழுத்தமைதியைத்தான் நம்ப வேண்டும். கிரேக்கத்தில் நான் பழகியது ஏதென்ஸ் கற்கள் சிலவே. சின்ன ஆசியா பக்கத்துக் கற்களை வைத்துத் தீர்ப்புச் சொல்ல என் அனுபவம் போதாது.

விஷயச் செறிவில் கிரேக்கம் முன்னால் நிற்கிறது, அதில் எனக்குச் சந்தேகமில்லை. கி.மு. 454/3இல் தொடங்கும் ஏதென்ஸின் கப்பப் பட்டியல்கள், மக்கள் மன்றத் தீர்மானங்கள், சின்ன ஆசியாவின் ஒயினோவாண்டாவில் ஒருவர் சுவர் முழுக்க வெட்டிவைத்த எபிகூரியத் தத்துவம். அசோகர்கூட காந்தகாரில் கிரேக்கத்தில் பேசியிருக்கிறார், 1958இல் கிடைத்த கல்லில் கிரேக்கமும் அராமியமும் மேலும் கீழுமாக நிற்கின்றன. இவற்றோடு பார்த்தால் பட்டாளத்துக்காரர் கல்லறைகள் சலிக்கத்தான் செய்யும்.

ஆனாலும் லத்தீனில் ஒரு பாரத்தேஸ் கிடைப்பார். பிரிட்டனின் தென் ஷீல்ட்ஸில் தன் மனைவி ரெஜினாவுக்குக் கல் நட்ட, சிரியாவின் பால்மைராக்காரர். அவள் பிரிட்டனின் கட்டுவெல்லௌனிக் குலத்தவள், விடுதலை பெற்ற அடிமை, முப்பது வயது. லத்தீனில் வேற்றுமை உருபு தடுமாறுகிறது. அடியில் அவருடைய சொந்த எழுத்தில் ஒரே ஒரு வரி: பாரத்தேயின் விடுதலையாளி ரெஜினா, ஐயோ. ரோமன் பிரிட்டன் கல்வெட்டுத் தளத்தில் இதன் வாசிப்பும் மொழிபெயர்ப்பும் இலவசம். உங்கள் வாசிப்பை நீங்களே திருத்திக்கொள்ளலாம். கிளவுஸ்-ஸ்லாபி தரவுத்தளத்தில் 5 லட்சத்துக்கும் மேற்பட்ட லத்தீன் பொறிப்புகளைத் தேடலாம்.

இவ்வளவும் கேட்டபின் கிரேக்கம்தான் என்று நிற்பவர்கள் கி.மு. 5ஆம் நூற்றாண்டைத் தொடாமல் 4ஆம் நூற்றாண்டு ஏதென்ஸ் தீர்மானங்களில் இறங்குங்கள். அங்கே ஆர்கோன் பெயர் வழக்கமாகவே முகப்பில் வந்துவிடுகிறது. பல கற்களில் எழுத்துகள் கட்டம் போட்டதுபோல் நேர்கீழாக நிற்பதால், உடைந்த வரியில் எத்தனை எழுத்து போயிற்று என்று எண்ணியும் விடலாம். அட்டிக் இன்ஸ்கிரிப்ஷன்ஸ் ஆன்லைன் தளத்தில் அவற்றில் பலவற்றுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பு இலவசமாகவே இருக்கிறது.