இன்டெல்லா, ஏஎம்டியா? முதலில் ஆலைச் செலவைப் பாருங்கள்

எந்த பிராசஸர் வேகம் என்ற சண்டையை வைத்துத்தான் பலரும் இன்டெல், ஏஎம்டி என்ற இந்த இரண்டு சிப் கம்பெனிகளின் பங்குகளையும் எடை போடுகிறார்கள். கேம் ஆடுகிறவருக்கு அது போதும். காசு போடுகிறவர் கேட்க வேண்டியது, சிப் செய்யும் ஆலைச் செலவு யார் தலையில் விழுகிறது என்பதை.

ஏஎம்டி 2009-லேயே தன் ஆலைகளைப் பிரித்து விட்டுவிட்டது, அதுதான் இன்றைய குளோபல்ஃபவுண்டரீஸ். திட்டம் போட்டுச் செய்த சாமர்த்தியம் என்று இப்போது சொல்வார்கள், உண்மையில் கையில் காசில்லை. 2014-ல் லிசா சு தலைமைச் செயல் அதிகாரியாகப் பொறுப்பேற்றார், 2015-ல் பங்கு 2 டாலருக்கும் கீழே கிடந்தது, 2017-ல் ரைசன் என்ற கம்ப்யூட்டர் பிராசஸர் வந்தது. என்னைக் கேட்டால் உண்மையான திருப்பம் 2019-தான். அந்த வருடம் வந்த எபிக் சர்வர் சிப்பில் ஒரே பெரிய சில்லுக்குப் பதிலாக எட்டு வரை சின்னச் சில்லுகளை ஒட்டினார்கள். பெரிய சில்லில் ஒரு மூலை பழுதானால் மொத்தமும் குப்பைக்குப் போகலாம், சின்னதென்றால் அந்தத் துண்டோடு போயிற்று. கணக்குப் போடும் துண்டுகள் மட்டும், மற்றவர்களுக்குச் சிப் செய்து கொடுக்கும் தைவானின் டிஎஸ்எம்சியில் 7 நானோமீட்டரில் (எண் குறையக் குறைய நுட்பம் புதிது), நடுவில் இருக்கும் இணைப்புத் துண்டு பழைய, மலிவான 14 நானோமீட்டரில். இன்டெல்லோ 2016-ல் வர வேண்டிய 10 நானோமீட்டரை 2019 வரை இழுத்துக்கொண்டிருந்தது.

இன்டெல்லிடம் சொந்த ஆலைகள். பலமும் அதுதான், பாரமும் அதுதான். 2024 ஆகஸ்ட்டில் சுமார் 15,000 பேரை வேலையிலிருந்து எடுக்கிறோம், டிவிடெண்டையும் நிறுத்துகிறோம் என்றதும் பங்கு ஒரே நாளில் கால்வாசிக்கு மேல் சரிந்தது. அந்த வருட நிகர நஷ்டம் சுமார் 1,880 கோடி டாலர். அடுத்த வருடம் அமெரிக்க அரசே ஒரு பங்கு 20.47 டாலர் வீதம் இன்டெல்லின் ஏறத்தாழ 10 சதவீதப் பங்கை எடுத்துக்கொண்டது, பின்னாலேயே ஏஐ சிப் விற்கும் என்விடியாவும் 500 கோடி டாலர் போடுவதாக அறிவித்தது. அரசு கைவிடாது என்பது சரி. ஆனால் கம்பெனி பிழைப்பதும் பங்குதாரர் சம்பாதிப்பதும் ஒன்றல்ல.

ஏஎம்டி மட்டும் பத்திரமா? ஏஐ சிப்பில் என்விடியாவின் 'கூடா' (CUDA) மென்பொருளுக்குப் பழகியவர்களை இழுப்பது பெரும்பாடு. 2025-ல் சாட்ஜிபிடி கம்பெனியான ஓப்பன்ஏஐ வாடிக்கையாளராக வந்தபோது, இலக்குகளை எட்டினால் 16 கோடி பங்குகள் வரை, பங்குக்கு ஒரு சென்ட் விலையில் அதற்குத் தருவதாக ஏஎம்டி ஒப்புக்கொண்டது. வாடிக்கையாளரைப் பிடிக்கப் பங்கையே கொடுக்கிறார்களே என்று எனக்குக் கொஞ்சம் உறுத்தல்தான்.

இருந்தாலும் இரண்டில் ஒன்று என்றால் நான் ஏஎம்டி பக்கம், விலை இறங்கும்போது மட்டும். இன்டெல்லை வாங்குகிறவர் காலாண்டு முடிவில் ஆலைப் பிரிவின் நஷ்டத்தைத் தனியாகப் பார்க்கட்டும், வெளிக் கம்பெனிகளின் ஆர்டர் வந்து அது சுருங்காதவரை மற்ற நல்ல செய்தியெல்லாம் இரண்டாம்பட்சம். இரண்டும் வேண்டாம் என்பவருக்கு டிஎஸ்எம்சி இருக்கிறது. இன்டெல்லே தன் ஆரோ லேக் என்ற கம்ப்யூட்டர் சிப்பின் முக்கியத் துண்டை அங்கேதான் கொடுத்துச் செய்கிறது. என்ன, சீனா தைவான் மீது கைவைக்குமோ என்ற பயத்தையும் சேர்த்தே வாங்க வேண்டும்.