சந்தையில் விற்கும் 'மூலிகை உண்ணி மருந்து': மாடு வைத்திருப்பவர்கள் கவனம்

எங்கள் பக்கத்து வாரச்சந்தைகளில் மாட்டு உண்ணிக்கு மூலிகை மருந்து என்று ஒரு பச்சை பாட்டில் விற்கிறார்கள். தயவுசெய்து வாங்காதீர்கள்.

லேபிளில் வேம்பு, வசம்பு, சீத்தாப்பழ விதை எல்லாம் படம் போட்டிருக்கும். "சுத்தமான மூலிகைங்கண்ணா, கைக்குழந்தைக்கே தடவலாம்" என்றார் விற்றவர். அரை லிட்டர் 450 ரூபாய். அவர் சொன்ன அளவில் தண்ணீரில் கலந்து ஜெர்சி மாட்டுக்கும் அதன் கிடாரிக் கன்றுக்கும் பூசிவிட்டோம். அரை மணி நேரம்கூட ஆகியிருக்காது, காது மடல், மடி இடுக்கு, வாலடி என்று அப்பிக்கிடந்த உண்ணியெல்லாம் பொலபொலவென்று உதிர்ந்தது. வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம்.

சாயங்காலம் கன்றின் வாயிலிருந்து எச்சில் நூல் நூலாக ஒழுக ஆரம்பித்தது. தொடைச் சதை தானாகத் துடிக்கிறது, கழிச்சல் வேறு. டாக்டர் வந்து டார்ச் அடித்துப் பார்த்தார். கண்மணி ஊசிமுனை அளவுக்குச் சுருங்கியிருந்தது. "இது பூச்சிமருந்து விஷம் மாதிரி இருக்குங்க" என்று அட்ரோபின் ஊசி போட்டு, உடம்பு முழுக்க சோப்புத் தண்ணீர் விட்டுக் கழுவச் சொன்னார். கன்று பிழைத்தது. தாய்மாட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை, ஆனால் அவர் சொன்ன நாள் வரை பாலைக் கறந்து கீழேதான் ஊற்றினோம். அந்தக் காசை யார் தருவது?

பாட்டிலைப் பார்த்துவிட்டு டாக்டர் சொன்னதைத்தான் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். வேம்பு உண்ணியை உடனே சாகடிக்காது. அதிலுள்ள அசாடிராக்டின், உண்ணி தோலுரிப்பதையும் முட்டை வைப்பதையும் கெடுக்கும். பலன் மெதுவாகத்தான் தெரியும். அரை மணியில் கொத்துக்கொத்தாக உதிர்ந்தால் உள்ளே வேறு சரக்கு இருக்கிறதா என்று சந்தேகப்பட வேண்டும். மூடியைத் திறந்து மோந்து பார்த்தால் வேப்பெண்ணெய் வாடையோடு மண்ணெண்ணெய் போல ஒரு நெடி. உரிம எண், பேட்ச் எண், தயாரித்த தேதி, முகவரி எதுவும் கிடையாது. ஒரே ஒரு செல் நம்பர், அதுவும் சுவிட்ச் ஆஃப்.

மூலிகையே ஏமாற்று என்று சொல்ல வரவில்லை. தமிழ்நாடு கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகம் சொல்லும் மரபு மருத்துவ முறை இருக்கிறது: பூண்டு 10 பல், வசம்பு 10 கிராம், மஞ்சள்தூள் 20 கிராம், வேப்பிலை, வேப்பம்பழம், துளசி, உண்ணிச்செடி இலை தலா ஒரு கைப்பிடி. அரைத்து ஒரு லிட்டர் தண்ணீரில் கலந்து வடிகட்டி வாரம் ஒருமுறை தெளிக்க வேண்டும். மாட்டுக்கு மட்டும் அடித்துவிட்டு நிறுத்திவிடாதீர்கள். வயிறு நிறைந்த பெண் உண்ணி கீழே விழுந்து ஆயிரக்கணக்கில் முட்டை வைப்பது கட்டுத்தரைச் சுவர் வெடிப்பில்தான்.

நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் கொடுத்தாயிற்று. ஆள் இப்போது வேறு சந்தைக்கு மாறிவிட்டதாகக் கேள்வி. இதே பாட்டிலை ஏற்கெனவே பூசியிருந்து, மாட்டுக்கு எச்சிலோ நடுக்கமோ தெரிந்தால் உடனே கால்நடை மருத்துவ உதவி எண் 1962-க்குக் கூப்பிடுங்கள். அப்புறம், பாட்டிலைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள், டாக்டரிடம் காட்ட வேண்டும்.