நான்கு வருடமாக ரப்பர்ச் சங்கிலி ஓட்டும் 3060

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டு முன்னறையில் ஆர்டிஎக்ஸ் 3060 கிராபிக்ஸ் அட்டை ஓடத் தொடங்கி நான்கு வருடமாகிறது. அதில் ஒருநாளும் கேம் போட்டதில்லை. ஓடுவதெல்லாம் குரோமாக்ஸ்தான், மூலக்கூறுகள் எப்படி அசையும் என்று கணக்குப் போடும் மென்பொருள். நான் பார்ப்பது பாலிஐசோப்ரீன், அதாவது அம்மா தோட்டத்தில் இருபது வருடம் வெட்டிய பால்மரத்தின் ரப்பர்ச் சங்கிலிகள்.

கணக்கில் வரும் கற்பனைப் பெட்டிக்குள் ஒரு லட்சம் அணுக்கள். கணக்கு சின்னச் சின்னக் கால அடிகளாக நகரும். ஒரு அடிக்கு 2 ஃபெம்டோ விநாடி என்றால், ஒரே ஒரு நானோ விநாடி நகர 5 லட்சம் அடி. அடிக்கு அடி, எந்த அணு எதை இழுக்கிறது, எதைத் தள்ளுகிறது என்று கணக்குப் போட வேண்டும். ஆறு கோர் செயலி (சிபியு) மட்டும் இருந்தபோது நாளுக்கு 8 நானோ விநாடி. அட்டை வந்த பிறகு 65. விசைக் கணக்கோடு அணுக்களை நகர்த்தும் வேலையையும் அட்டைக்கே கொடுக்கும் வசதி குரோமாக்ஸின் 2020 பதிப்பில் வந்தது. அதைப் போடாமல் ஓட்டினால் பாதிப் பலன்தான்.

விசைக் கணக்கைத் தனிக் கருவியிடம் விடும் யோசனை பழையது. 1989இலேயே தோக்கியோ பல்கலைக்கழகத்தில் விண்மீன்களின் ஈர்ப்பைக் கணக்கிட கிரேப் என்று ஒரு தனிக் கணினியைச் செய்துவிட்டார்கள். அதே வேலை இன்று என் மேசைக்கடியில் நடப்பது எனக்குப் பெரிய விஷயம்.

இங்கே தொல்லை இடிதான். சாயங்காலம் வானம் கறுத்தால் அம்மா பிளக் பக்கத்தில் போய் நின்றுகொண்டு, "அடைச்சிரவாப்பா?" என்பார். முதல் வருடம் பதறுவேன். குரோமாக்ஸ் 15 நிமிடத்துக்கு ஒரு முறை நிலையைச் சேமித்து வைக்கிறது, கடைசியாகச் சேமித்த இடத்திலிருந்து தொடரலாம். இப்போது, "அடைங்கம்மா" என்று சொல்லிவிடுகிறேன்.

மின்சாரம் இன்னொரு கவலை. 170 வாட்டில் விட்டால் அட்டை மட்டுமே மாதம் 120 யூனிட் தின்னும். 130 வாட்டுக்குக் கட்டி வைத்திருக்கிறேன். வேகம் கொஞ்சம்தான் குறைந்தது. மூன்றாம் வருடம் சூடு 83 டிகிரிக்கு ஏறியது. கழற்றிப் பார்த்தால் வெப்பப் பசை காய்ந்து சுண்ணாம்பாகக் கிடந்தது, விசிறி இறக்கைகளில் செம்மண் தூசி. துடைத்துப் புதுப் பசை வைத்ததும் 68.

வாங்க நினைப்பவர்களுக்கு ஒன்று: இந்த வேலைக்கு 12 ஜிபி நினைவகம் தேவையே இல்லை, எனக்கு 2 ஜிபிகூடத் தாண்டியதில்லை. அந்தப் பணத்தை நல்ல யூபிஎஸ்ஸில் போடுங்கள். அப்புறம், இரட்டைத் துல்லியம் (எண்களைக் கூடுதல் இலக்கங்களோடு கணக்கிடுவது) கட்டாயம் என்றால் இந்த அட்டை வேண்டாம். குரோமாக்ஸ் அதை அட்டையில் ஓட்டாது, செயலியில்தான் ஓட்ட வேண்டும்.