கரடிப்போக்கில் ஒரு புத்தகக்கடை: எழுதினவரிடமே கேட்கலாம்

கொப்பியும் பாஸ் பேப்பரும் (பழைய பரீட்சை வினாத்தாள்கள்) விற்கிற கடைகள் கிளிநொச்சியில் நிறைய. கரடிப்போக்குச் சந்தியிலிருந்து கொஞ்சம் உள்ளே போனால் வருகிற இந்தத் தகரக்கூரைக் கடையும் முன்பக்கத்தில் அதையேதான் விற்கிறது. வாடகைக் காசு அதில்தான் வருகிறது என்பார் கடைக்கார அண்ணை. நான் எழுத வந்தது பின்னறையைப் பற்றி. மாதத்தில் ஒரு சனிக்கிழமை பின்னேரம், ஆய்வுநூல் எழுதின ஒருவரைக் கூப்பிட்டு அங்கே இருத்துகிறார்கள். ஊர்ச்சனம் சுற்றி இருந்து, "இதை எப்பிடிக் கண்டுபிடிச்சனீங்கள்?" என்று கேட்கிறது.

போன முறை வன்னிக் குளங்கள். வந்தவர் கனகராயன் ஆற்றுப் பக்கம் ஊரூராக அலைந்து ஆய்வேடு எழுதியவர். நூலில் இருப்பதை ஒப்புவிக்கவில்லை. எந்தக் குறிப்பை நம்பிப் புறப்பட்டார், எந்த ஊரில் அது பிழைத்தது என்று வரைபடத்தை விரித்துவைத்துச் சொன்னார். பிரித்தானிய ஆட்சிக்கால அதிகாரி ஜே. பி. லூயிஸ் 1895இல் எழுதிய வன்னி மாவட்டக் கையேட்டோடு போயிருக்கிறார். சில குளங்கள் காடாகிக் கிடந்தன, சிலவற்றின் பெயரே மாறியிருந்தது. அப்படி ஒரு குளத்தில் அவர் தயங்கி நிற்க, பின்வரிசையிலிருந்து ஒரு வட்டக்கச்சி ஐயா எழும்பினார். "தம்பி, அது ரெண்டு குளம். மேல்குளத்துக் கட்டு உடைஞ்சு கீழ்க்குளத்தோட ஒண்டாப் போச்சு. அதின்ர துருசுக் கல்லு இப்பவும் அலைகரையில கிடக்கு." துருசு என்றால் குளத்துத் தண்ணீரைத் திறந்துவிடுகிற மதகு. ஆய்வாளர் பேச்சை நிறுத்தி அதை எழுதிக்கொண்டார், ஐயாவின் தொலைபேசி இலக்கத்தையும் வாங்கினார். எனக்கு அந்தப் பின்னேரத்தில் அதுவே போதும்.

பிறகு கதை கிளிநொச்சியின் பெரிய குளமான இரணைமடுவுக்கு வந்தது. வராமல் விடுமா? 20,000 ஏக்கருக்கு மேல் வயல் அந்தக் குளத்தை நம்பியிருக்கிறது. யாழ்ப்பாணத்துக்குக் குடிநீர் கொடுக்கிற கதை எத்தனையோ வருச இழுபறி. 2018 மார்கழியில் வான்கதவுகள் திறந்தபோது முரசுமோட்டையில் அப்பாவின் வயலும் வெள்ளத்தில் போனது. அறையில் குரல்கள் உயர்ந்தன. ஆய்வாளர் யாருக்கும் நல்லபிள்ளையாகப் பேசவில்லை. "என்ர தரவு இவ்வளவுதான் சொல்லும். இதுக்கு மேல நான் சொல்லுறது என்ர அபிப்பிராயம்" என்று கோடு கீறிவிட்டுத்தான் தொடர்ந்தார்.

ஏ.எல். (உயர்தர) வகுப்புக்கு வரலாறு படிப்பிக்கிற எனக்குப் பிள்ளைகளை இங்கே கூட்டிப்போக இதைவிட வேறு காரணம் தேவையில்லை. வரலாறு என்றால் யாரோ எழுதி முடித்த விடை என்றுதான் அவர்கள் நினைக்கிறார்கள். இலங்கைத் தமிழரின் பழைய வரலாறு பற்றிய பேராசிரியர் கா. இந்திரபாலாவின் நூலை இந்தக் கடை கண்ணுக்குத் தெரிகிற தட்டில் வைத்திருப்பதும் அதனால்தான் எனக்குப் பிடிக்கிறது. 1965இல் லண்டன் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்த ஆய்வேட்டின் முடிவுகளை, இடையில் கிடைத்த தொல்லியல் சான்றுகளைப் பார்த்து, 2005இல் வந்த நூலில் தானே மாற்றி எழுதியவர் அவர். அதன் தமிழ்ப் பதிப்பு மறுவருசம் வந்தது. தன் பெயர் நிலைத்த கருத்தைத் தானே திருத்த எவ்வளவு நேர்மை வேண்டும்! என் வகுப்பில் இரண்டு பிள்ளைகள் அதை வாசிக்கத் தொடங்கியிருக்கிறார்கள்.

விலைதான் கடினம். அட்டையில் 400 இந்திய ரூபா போட்ட தமிழ்நாட்டுப் புத்தகம் இங்கே 2,000 ரூபாவுக்குக் கிட்ட நிற்கிறது. ஆங்கில ஆய்வுநூல்களைத் தொட்டுப் பார்த்துவிட்டு வைக்கலாம். ஆனால் வாங்காவிட்டாலும் கதிரையில் இருந்து வாசிக்க விடுகிறார்கள், பிளேன்ரீயும் வரும். அறையில் ஒரே ஒரு ஃபான், சித்திரையில் இருக்கவே ஏலாது. பேச வருகிறவர்கள் பெரும்பாலும் யாழ்ப்பாணத்தார், கொழும்பார். வன்னிக்குள் இருந்து எழுதுகிறவர்களையும், பெண்களையும் இன்னும் தேடிக் கூப்பிட வேண்டும்.

பெரிய குறை நேரம். நாலு மணிக்கென்று சொல்லி நாலரைக்குத் தொடங்குகிறார்கள். கேள்விகள் சூடுபிடிக்கிற நேரம் மல்லாவி, புதுக்குடியிருப்புச் சனம் பஸ்ஸுக்கு எழும்பிவிடும். குளங்களைப் பற்றி அதிகம் தெரிந்தவர்களே அவர்கள்தான். இரண்டு மணிக்கு வையுங்கோ என்று அண்ணையிடம் சொன்னேன். "யோசிப்பம் ரீச்சர்" என்றார். போகிறவர்கள் நீங்களும் ஒருக்கால் கேளுங்கள்.